விண்டோஸில் டெசராக்ட் சோர்ஸ் பில்டு: டிரெய்னிங் டூல்ஸ் மட்டும் லிங்க் ஆகவில்லை

பழம்பதிப்பு

வணக்கம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான தமிழ் நூல்களை ஓசிஆர் செய்ய (பக்கப் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்க), டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் தனி மாடல் ஒன்றைப் பயிற்றுவிக்கும் வேலையில் நாங்கள் சிலர் இறங்கியிருக்கிறோம். அதற்காக டெசராக்ட்டை மூலநிரலிலிருந்தே கட்டப் பார்க்கிறேன்.

விண்டோஸ் 11, ராம் 8 ஜிபி. விஷுவல் ஸ்டுடியோ 2022 பில்ட் டூல்ஸ், கிட், சிமேக், நின்ஜா எல்லாம் போட்டாயிற்று. யூடியூபில் ஒருவர் சொன்னபடி எம்சிஸ்2-வும் (லினக்ஸ் பாணிக் கருவிகளையும் ஜிசிசி கம்பைலரையும் விண்டோஸில் தரும் தொகுப்பு) நிறுவி, அதன் யுசிஆர்டி64 பின் ஃபோல்டரை பாத்தில் (விண்டோஸ் நிரல்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) சேர்த்திருக்கிறேன். டெசராக்ட்டுக்கு வேண்டிய நூலகங்களான லெப்டோனிகா (படம்), ஐசியூ (யூனிகோட்), பாங்கோ, கெய்ரோ (எழுத்து வரைதல்) எல்லாம் விசிபேக்கேஜ் என்ற நூலக நிறுவி வழியாகப் பிழையில்லாமல் வந்துவிட்டன. ஐசியூ மட்டும் வெகுநேரம் எடுத்தது.

டெசராக்ட் எக்ஸிகியூட்டபிள் உருவாகிறது, ஓடுகிறது, படத்தைப் படிக்கவும் செய்கிறது. ஆனால் டெக்ஸ்ட்2இமேஜ், யூனிகேர்செட் எக்ஸ்ட்ராக்டர் போன்ற பயிற்சிக் கருவிகளுக்கு வந்ததும் லிங்க் கட்டத்தில் (கம்பைல் ஆன துண்டுகளையும் நூலகங்களையும் இணைக்கும் இடம்) "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்று பக்கம் பக்கமாகப் பிழை. எல்லாமே ஐசியூ என்று தொடங்கும் நீளமான பெயர்கள். ஐசியூவை அழித்துத் திரும்பப் போட்டும் அதேதான். ஒன்று வேலை செய்து இன்னொன்று மட்டும் செய்யாதது ஏன் என்று புரியவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

கோவை_கம்பைலர்

ரெண்டு கேள்வி.

ஒன்னு, எதுக்குச் சோர்ஸ்ல இருந்து? ஜெர்மனியில மான்ஹைம் பல்கலைக்கழக நூலகம் விண்டோஸ் இன்ஸ்டாலர் போடுறாங்க, டெசராக்ட்டோட சொந்த ஆவணத்துலயே அதைத்தான் காட்டியிருக்காங்க. டிரெய்னிங் டூல்ஸும் அதுலயே வருது. மாடல் பழக்குறது மட்டும்தான் வேலைன்னா அது போதும்.

ரெண்டாவது, சிமேக் ஓடும்போது முதல் சில வரியில கம்பைலர் அடையாளம் வருமே, அதை அப்படியே இங்க போடுங்க. கீழ இருக்குற பிழையெல்லாம் இப்ப வேண்டாம்.

பழம்பதிப்பு

அண்ணா, இன்ஸ்டாலரைத்தான் முதலில் போட்டோம். எங்கள் தேவை கொஞ்சம் வேறு. பயிற்சிக்கான உரை வரிகளைக் கொடுக்கும்போது டெசராக்ட் ஒவ்வொரு அசையையும் சரிபார்க்கிறது. "இன்வேலிட் ஸ்டார்ட் ஆஃப் கிராஃபீம் சீக்வென்ஸ்" என்று சொல்லி சில வரிகளைத் தள்ளிவிடுகிறது. நாங்கள் எடுத்திருக்கும் நூல்களில் சில இடங்களில் "கொ"வின் கால் அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. அச்சில் உள்ளபடியே உள்ளிட்டால் அந்த வரி தனிக் காலில் தொடங்குகிறது, சரிபார்ப்பு அதை ஏற்பதில்லை. அந்தச் சரிபார்ப்பு வேலிடேட் இண்டிக் என்ற சி++ கோப்பில் இருக்கிறது. அதைத் திருத்தத்தான் சோர்ஸ்.

நீங்கள் கேட்ட வரிகள்: சி கம்பைலர் அடையாளம் ஜிஎன்யூ. சி++ கம்பைலர் அடையாளமும் ஜிஎன்யூ.

கோவை_கம்பைலர்

விஷயம் அங்கேயேதான் இருக்கு.

விசிபேக்கேஜ் உங்களுக்குக் கட்டிக் கொடுத்த நூலகமெல்லாம் எக்ஸ்64-விண்டோஸ் ட்ரிப்லெட். அதாவது மைக்ரோசாஃப்டோட எம்எஸ்விசி கம்பைலர்ல கட்டினது. டெசராக்ட்டை நீங்க கட்டுறதோ எம்சிஸ்2-வோட ஜிசிசியில. சாதாரண கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து நின்ஜா ஜெனரேட்டரோட சிமேக் ஓட்டினா, பாத்துல எந்தக் கம்பைலர் கண்ணுல படுதோ அதை எடுத்துக்கும். எம்எஸ்விசியோட சிஎல், சாதாரண பிராம்ப்ட்ல பாத்துலயே இருக்காது. எம்சிஸ்2-வை பாத்துல சேர்த்ததால ஜிசிசி கிடைச்சுது, எடுத்துக்கிச்சு.

சரி, அப்ப டெசராக்ட் மட்டும் எப்படி ஓடுதுன்னு கேட்டீங்க. நல்ல கேள்வி. லெப்டோனிகா சி மொழியில எழுதினது. சி-யில ஒரு ஃபங்ஷன் பேரு ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள்ள ஏறக்குறைய அதே பேராத்தான் இருக்கும். 64-பிட் விண்டோஸ்ல கால்லிங் கன்வென்ஷனும் ஒன்னு. அதனால ஜிசிசி கட்டினதும் எம்எஸ்விசி கட்டினதும் சி அளவுல பெரும்பாலும் ஒட்டிக்கும். ஐசியூவுல டெசராக்ட் பயன்படுத்துற பகுதி சி++. சி++ல கிளாஸ் பேரு, நேம்ஸ்பேஸ், ஆர்குமென்ட் வகை எல்லாத்தையும் சேர்த்து ஒரே நீளப் பேரா மடிச்சு வைப்பாங்க. மடிக்கிற முறை ஜிசிசிக்கு ஒன்னு, எம்எஸ்விசிக்கு வேற. ஜிசிசி தன் முறையில மடிச்ச பேரைத் தேடுது, நூலகத்துல இருக்குறதோ எம்எஸ்விசி மடிச்ச பேரு. அதான் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ். ஐசியூவை எத்தனை தடவை அழிச்சுப் போட்டாலும் இது மாறாது.

செய்ய வேண்டியது: ஸ்டார்ட் மெனுவுல "எக்ஸ்64 நேட்டிவ் டூல்ஸ் கமாண்ட் பிராம்ப்ட்" இருக்கும், அதைத் திறங்க. அதுல "வேர் சிஎல்"னு அடிச்சா விஷுவல் ஸ்டுடியோ ஃபோல்டர் வரணும். சிஸ்டம் பாத்துல சேர்த்த எம்சிஸ்2 வரியை எடுத்துடுங்க, அதுக்கு அங்க வேலையே இல்லை. பழைய பில்ட் ஃபோல்டரை முழுசா அழிங்க. சிமேக் கேஷ்ல ஜிசிசின்னு எழுதி வச்சிருக்கும், வெறுமனே திரும்ப ஓட்டினா அதையேதான் பிடிச்சுக்கும். அப்புறம் டூல்செயின் ஃபைலா விசிபேக்கேஜ் சிமேக்கைக் கொடுத்து ஓட்டுங்க. எஸ்டபிள்யூ பில்ட் தேர்வை ஆஃப் பண்ணுங்க, பில்ட் டிரெய்னிங் டூல்ஸ் ஆன்ல இருக்கட்டும். முதல் வரியில எம்எஸ்விசி 19-னு வந்தா மட்டும் மேல போங்க.

யாழ்நிரல்

கோவை அண்ணை சொன்னது முழுக்கச் சரி. ஆனால் எம்சிஸ்2-ஐத் தூக்கி எறிய வேணும் எண்டில்லை. மறுபக்கமாகவும் போகலாம்: விசிபேக்கேஜை விட்டிட்டு எல்லாத்தையும் எம்சிஸ்2-க்குள்ளேயே கட்டுங்கோ. லெப்டோனிகா, ஐசியூ, பாங்கோ மூண்டும் பேக்மேனில் (எம்சிஸ்2-இன்ர பொதி நிறுவி) ஆயத்தமாக இருக்கு. ஐசியூ கட்டி முடியும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. 8 ஜிபி ராம் உள்ள கணினிக்கு இது பெரிய ஆறுதல்.

கவனிக்க வேண்டியது ஒண்டுதான். எம்சிஸ்2 நிறுவினால் ஸ்டார்ட் மெனுவில் பல ஐகன் வரும்: எம்சிஸ், யுசிஆர்டி64, மிங்டபிள்யூ64, கிளாங்64. பார்க்க எல்லாம் ஒரே கறுப்புத் திரைதான். ஆனால் ஒவ்வொண்டும் தனிச் சூழல். எம்சிஸ் எண்ட ஐகனில் கட்டினால் எம்சிஸின்ர டிஎல்எல்-இல் தங்கி நிக்கிற எக்ஸிகியூட்டபிள் வரும், மற்றவைக்கு அனுப்ப அது சரிவராது. யுசிஆர்டி64 ஐகனைத் திறவுங்கோ, பொதிகளின்ர பெயரிலும் யுசிஆர்டி எண்டிருக்கிறதையே போடுங்கோ. பிராம்ப்ட்டில் எந்தச் சூழல் எண்டு எழுதியிருக்கும், ஒவ்வொரு முறையும் அதைப் பாருங்கோ. முதன்முதல் பேக்மேன் அப்டேட் குடுக்கேக்க இடையில் ஜன்னலை மூடச் சொல்லும். பயப்படாமல் மூடித் திறந்து திரும்ப ஓட்டுங்கோ.

டெர்மினல்தாசன்

இரண்டு வழிக்கும் மாற்றாக ஒன்றைச் சொல்கிறேன். டபிள்யூஎஸ்எல்2-இல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) உபுண்டு போடுங்கள். தேவையான டெவ் பொதிகளை ஏபிடியில் ஒரே கட்டளையில் நிறுவலாம். பாத் மோதல், கம்பைலர் மோதல் எதுவும் இருக்காது. டெசராக்ட் பயிற்சிக்கான டெஸ்ட்ரெய்ன் முழுக்க மேக்ஃபைல், பைதான், பாஷ் சார்ந்தது. அது பிறந்து வளர்ந்த இடம் லினக்ஸ். அதை விண்டோஸில் ஓட்ட மேக் வேண்டும், பாஷ் வேண்டும், ஃபைண்ட் வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடிப் போடுவதைவிட அவை இருக்கும் இடத்துக்கே போவது மேல்.

இன்னொன்று. பயிற்சியின் முடிவில் கிடைக்கும் டிரெய்ன்ட்டேட்டா கோப்பு எந்த இயங்குதளத்திலும் ஒன்றுதான். டபிள்யூஎஸ்எல்லில் பயிற்றுவித்து அந்தக் கோப்பை மட்டும் விண்டோஸ்காரர்களுக்குக் கொடுத்தால் போதுமே? நீங்கள் திருத்தப்போகும் சரிபார்ப்பும் பயிற்சிக் கருவிகளில்தான் இருக்கிறது. எழுத்தை உணரும் பகுதியை நீங்கள் தொடவே இல்லை.

ஒரு எச்சரிக்கை: மூலநிரலையும் படங்களையும் லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரில் வையுங்கள். சி டிரைவை மவுண்ட் வழியாக அணுகினால் சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் வேலை மிகவும் இழுக்கும்.

பழம்பதிப்பு

தாசன் ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். நான் ஒருத்தி மட்டும் பயிற்றுவிப்பதாக இருந்தால் அப்படியே செய்திருப்பேன். எங்கள் குழுவில் மெய்ப்புத் திருத்துபவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவரும் தங்கள் நூலுக்கான வரிகளைத் தங்கள் கணினியிலேயே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களிடம் ஒரு ஜிப் கொடுத்து "இதைப் பிரித்து ஓட்டுங்கள்" என்று சொல்ல முடிய வேண்டும்.

கோவை அண்ணா சொன்னபடி செய்தேன். முதல் வரியில் எம்எஸ்விசி வந்தது. இப்போது வேறு பிழை: கம்பைல் நடுவில் "சி1060, கம்பைலருக்கு ஹீப் இடம் போதவில்லை" என்று நிற்கிறது.

கோவை_கம்பைலர்

அது ராம் பிரச்சினை, கோட்ல ஒன்னுமில்லை. நின்ஜா உங்க சிபியூவுல எத்தனை த்ரெட் இருக்கோ அதைவிடக் கொஞ்சம் கூடவே ஒரே நேரத்துல கம்பைலரை ஓட்டும். 8 ஜிபியில குரோமும் திறந்திருந்தா தாங்காது. நின்ஜாவுக்கு ஜே 2-னு கொடுங்க, ஒரே நேரத்துல ரெண்டு மட்டும் ஓடும். விசிபேக்கேஜுக்கு மேக்ஸ் கன்கரன்சின்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கு, அதையும் 2 ஆக்குங்க. மெதுவாப் போகும், ஆனா முடியும்.

வேகம் வேணும்னா சோர்ஸ் ஃபோல்டரையும் பில்ட் ஃபோல்டரையும் டிஃபெண்டரோட எக்ஸ்க்ளூஷன்ல போடுங்க. ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைல் எழுதும்போதும் அது திறந்து பார்த்துட்டு இருக்கும். டிஸ்க்ல 50 ஜிபி ஒதுக்க முடிஞ்சா விண்டோஸ் 11-ல டெவ் டிரைவ் இருக்கு, அதுல அந்த ஸ்கேனை ஃபைல் திறந்தப்புறம் நிதானமாச் செய்யும். ஆனா டெஸ்க்டாப்லயும் டாக்குமென்ட்ஸ்லயும் சோர்ஸ் வைக்காதீங்க. நிறைய லேப்டாப்ல அது ஒன்டிரைவோட ஒட்டியே வருது. நீங்க கம்பைல் பண்ணப் பண்ண அது அப்லோடு பண்ணிட்டு இருக்கும்.

பழம்பதிப்பு

ஜே 2 கொடுத்ததும் முடிந்துவிட்டது! டெக்ஸ்ட்2இமேஜ், யூனிகேர்செட் எக்ஸ்ட்ராக்டர், எல்எஸ்டிஎம் டிரெய்னிங் எல்லாம் உருவாகிவிட்டன. மிக்க நன்றி.

அடுத்தது இது. பயிற்சி வரிகளையும் படங்களையும் "பழைய நூல்கள்" என்று தமிழில் பெயரிட்ட ஃபோல்டரில் வைத்திருக்கிறோம். கருவிகள் அதைத் திறக்கவில்லை. பிழைச் செய்தியில் ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். எக்ஸ்ப்ளோரரில் பெயர் ஒழுங்காகத்தான் தெரிகிறது.

யாழ்நிரல்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேணும், தமிழில் வேலை செய்யிற எல்லாரும் ஒருநாள் இதில் வந்து நிப்பினம்.

விண்டோஸில் கோப்புப் பெயர் உள்ளுக்குள்ள யூனிகோடாகத்தான் இருக்கு. ஆனால் லினக்ஸிலிருந்து வந்த சி, சி++ நிரல்கள் பல, பெயரை பைட் வரிசையாக வாங்கும். அப்படி வாங்கேக்க விண்டோஸ் அந்தக் கணினியின்ர பழைய "ஆன்சி" கோட்பேஜுக்கு மாத்திக் குடுக்கும். பிரெஞ்சுக்கும் ரஷ்ய மொழிக்கும் சப்பானுக்கும் அப்படி ஒரு கோட்பேஜ் இருக்கு. தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி கோட்பேஜ் எண்டு ஒண்டு இருந்ததே இல்லை. தமிழ் தொடக்கத்திலிருந்தே யூனிகோட் மட்டும். ஆகவே "ப"வை மாத்த இடமில்லை, கேள்விக்குறி போடும். நிரல் அந்தக் கேள்விக்குறியைத்தான் கோப்பெண்டு தேடும்.

கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அட்மினிஸ்ட்ரேடிவ், சிஸ்டம் லொக்கேல் எண்டு போனால் "பீட்டா: யூடிஎஃப்-8" எண்டு ஒரு கட்டம் இருக்கு. அதில் டிக் போட்டால் அந்த ஆன்சி இடத்தில் யூடிஎஃப்-8 வரும், தமிழ்ப் பெயர்கள் வேலை செய்யும். ஆனால் அது முழுக் கணினிக்குமான மாற்றம். பழைய யூனிகோட் அல்லாத மென்பொருள் வைச்சிருக்கிறவைக்குச் சிக்கல் வரலாம். உங்கட குழுவில் எல்லாற்ற கணினியிலும் போய் அதை மாத்திறது கஷ்டம்.

சி டிரைவில் நேராக "ஓசிஆர்" எண்டு ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் போடுங்கோ, இடைவெளியும் இல்லாமல். தமிழ் கோப்புக்குள்ள இருக்கட்டும், பாதையில் வேண்டாம். விண்டோஸ் பயனர் பெயரையே தமிழில் வைச்சிருக்கிற ஆக்களுக்கு டெம்ப் ஃபோல்டரும் அதுக்குள்ளதான் இருக்கும். அவையின்ர டெம்ப் வேரியபிளையும் சி டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு மாத்திவிடுங்கோ. பெயர் சின்னதாக இருக்கிறது இன்னொரு வகையிலும் நல்லது, 260 எழுத்து எல்லையைத் தாண்டிப் போகாது.

ஈற்றெழுத்து

நான் நிரலாளர் இல்லை, மின்னூல் மெய்ப்புத்தான் என் வேலை. ஆனால் டெஸ்ட்ரெய்னுக்கு வரிக்கோப்புகள் தயாரித்த அனுபவம் உண்டு. விண்டோஸில் மட்டும் வரும் சில சிக்கல்களைச் சொல்கிறேன்.

விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் "விடப் பெரிது" குறி (>) போட்டு வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் அது யூடிஎஃப்-16 ஆக எழுதும். நோட்பேடில் திறந்தால் அழகாகத் தெரியும். பயிற்சிக் கருவிக்கு அது குப்பை. தனியாக நிறுவும் பவர்ஷெல் 7-இல் யூடிஎஃப்-8 ஆகவே வரும்.

கருப்புத் திரையில் தமிழ் உடைந்து, கொம்பு ஒருபக்கம் எழுத்து ஒருபக்கமாகத் தெரிந்தால் கோப்பே கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கன்சோல் ஒவ்வொரு குறியையும் தனித்தனிக் கட்டத்தில் வைக்கிறது, தமிழுக்கு அது பொருந்தாது. எப்போதும் கோப்பில் எழுதி, நல்ல எடிட்டரில் திறந்து பாருங்கள்.

தொடக்க மாடலாக டெசராக்ட்டின் டெஸ்டேட்டா பெஸ்ட் என்ற மாடல் தொகுப்பில் உள்ள தமிழ்க் கோப்பை மட்டும் எடுங்கள். ஃபாஸ்ட் என்று இருப்பது முழு எண்களாகச் சுருக்கியது, அதன்மேல் பயிற்சியைத் தொடர முடியாது. மேக் கட்டளையை ஓட்டும்போது லாங் டைப்பில் இண்டிக் என்று கொடுக்க மறக்காதீர்கள்.

இப்போது பழம்பதிப்பு சொன்ன சரிபார்ப்புக்கு வருகிறேன். அதைத் திருத்துவதற்கு முன் ஒரு வேண்டுகோள். "இன்வேலிட் ஸ்டார்ட்" என்று தள்ளப்பட்ட வரிகளைத் தனியாக எடுத்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை பழைய எழுத்துரு முறையிலிருந்து மாற்றப்பட்ட உரைகள். அந்த முறைகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முதலில், மெய் பிறகு என்று இருக்கும். மாற்றி சரியாக வேலை செய்யாவிட்டால் யூனிகோடிலும் கொம்பு முந்திக்கொள்ளும். டெசராக்ட் அந்த வரியைத் தள்ளுவது சரியான செயல். அதைத் தளர்த்தினால் தவறான வரிசையை மாடல் கற்றுக்கொள்ளும். பிறகு வெளியீட்டில் தேடல் வேலை செய்யாது.

கோவை_கம்பைலர்

ஈற்றெழுத்து சொன்னது முக்கியம். 1978-க்கு முன்ன வேற வடிவத்துல அச்சான ணை, லை, றா, னா விஷயத்துலயும் ஒன்னு சேர்த்துக்கிறேன்: அதுக்குத் தனி யூனிகோட் குறி கிடையாது. பழைய வடிவமும் புது வடிவமும் ஒரே குறியீடு, எழுத்துருவுலதான் வித்தியாசம். அதனால பழைய வடிவத்துக்காகச் சோர்ஸைத் தொடவே வேண்டாம். பழைய வடிவம் உள்ள எழுத்துருவை டெக்ஸ்ட்2இமேஜுக்குக் கொடுங்க, இல்ல உண்மையான பக்கத்துல இருந்து வெட்டின வரிப் படத்தைக் கொடுங்க.

டெர்மினல்தாசன்

எம்எஸ்விசியில் கட்டிவிட்டீர்கள், நல்லது. டெஸ்ட்ரெய்னை ஓட்ட எம்சிஸ்2 ஷெல்லையே பயன்படுத்தலாம், இதில் மோதல் இல்லை. கலக்கக் கூடாது என்பது ஒரே எக்ஸிகியூட்டபிளுக்குள் லிங்க் செய்யும்போதுதான். ஒரு ஷெல்லிலிருந்து வேறு கம்பைலரில் கட்டிய நிரலை அழைப்பதில் தவறில்லை.

ஆனால் டேட்டா ஃபோல்டரைச் சார்பு பாதையாகவே வையுங்கள். எம்சிஸ்2 கட்டளையில் கொடுக்கும் பாதையை விண்டோஸ் வடிவுக்கு மாற்றித் தரும். கோப்புக்குள் எழுதப்பட்ட பாதையை மாற்றாது. பயிற்சிப் பட்டியல் கோப்பில் முழுப் பாதை எழுதப்பட்டால் எம்எஸ்விசி நிரலுக்கு அது புரியாது.

கிட்டில் ஆட்டோசிஆர்எல்எஃப் ஆனில் இருந்தால் ஷெல் ஸ்கிரிப்டுகளின் வரி முடிவு மாறி "ஆர் கமாண்ட் நாட் ஃபவுண்ட்" வகைப் பிழைகள் வரும். குளோன் செய்வதற்கு முன்பே அதை அணைத்துவிடுங்கள்.

பழம்பதிப்பு

ஈற்றெழுத்து சொன்னபடி தள்ளப்பட்ட வரிகளைப் பிரித்துப் பார்த்தோம். பெரும்பகுதி உரைமாற்றியிலிருந்து வந்த வரிசைப் பிழைதான். அவற்றைத் திருத்தியதும் கருவி ஏற்றுக்கொண்டது. உண்மையாகவே கால் அடுத்த வரிக்குப் போன இடங்கள் கொஞ்சம் மிச்சம். அவற்றுக்காக மட்டும், வரியின் முதல் குறி தனிக் காலாக இருந்தால் ஏற்கும்படி வேலிடேட் இண்டிக்கில் ஒரு நிபந்தனை சேர்த்தேன். இந்த ஒரு கோப்பும் அதைச் சார்ந்த லிங்கும் மட்டும் திரும்ப ஓடின. ஐசியூவைத் தொடவே இல்லை.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. குழுவில் ஒருவருக்கு அனுப்பினேன். ஜிப்பைப் பிரித்து ஓட்டினால் விசிரன்டைம்140 டிஎல்எல் இல்லை என்று வருகிறது.

கோவை_கம்பைலர்

மைக்ரோசாஃப்ட் தர்ற விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், 64-பிட், அவங்க மிஷின்ல போட்டா போதும். ஐசியூ, பாங்கோ டிஎல்எல் எல்லாம் எக்ஸிகியூட்டபிள் பக்கத்துலயே விசிபேக்கேஜ் காப்பி பண்ணி வச்சிருக்கும், ஜிப்ல அதையும் சேர்த்திருக்கீங்களான்னு பாருங்க. எதுவுமே நிறுவ வேண்டாம், பிரிச்சா ஓடணும்னா எக்ஸ்64-விண்டோஸ்-ஸ்டாட்டிக் ட்ரிப்லெட்ல எல்லா நூலகத்தையும் திரும்பக் கட்டணும். அப்படிச் செய்யும்போது டெசராக்ட்டோட ரன்டைமும் ஸ்டாட்டிக்கா இருக்கணும், ஒன்னு ஸ்டாட்டிக் (MT), ஒன்னு டைனமிக் (MD)-னு கலந்தா எல்என்கே 2038 வரும். இப்போதைக்கு ரீடிஸ்ட்ரிபியூட்டபிளே சுலபம். டெஸ்டேட்டா பிரிஃபிக்ஸ் வேரியபிள், மாடல் கோப்புகள் இருக்குற டெஸ்டேட்டா ஃபோல்டரையே காட்டணும், அதோட மேல் ஃபோல்டரை இல்லை. உங்க ஆளுங்களுக்கு அனுப்புற குறிப்புல அதையும் எழுதிடுங்க.

ஈற்றெழுத்து

பழம்பதிப்பு, அந்தத் திருத்தத்தை டெசராக்ட்டின் கிட்ஹப் பக்கத்திலும் இஷ்யூவாகப் போடுங்கள். கால் அடுத்த வரிக்குப் போன ஒரு பக்கத்தின் ஸ்கேனையும் சேர்த்துக் கொடுங்கள். அச்சுப் பக்கத்தைப் பார்க்காமல் அந்த நிபந்தனை எதற்கு என்று தமிழ் தெரியாத ஒருவருக்குப் புரியாது. ஸ்கேன் தெளிவாக வேண்டுமானால் சொல்லுங்கள், என்னிடம் இதே மாதிரி உடைந்த வரிகள் உள்ள பக்கங்கள் இருக்கின்றன, அனுப்புகிறேன்.